இரண்டாவது பிரேக்

டீச்சரின் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், எல்லாக் காரிலும் இருப்பது. இன்னொன்று பக்கத்து இருக்கையில், டீச்சரின் காலடியில். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள் அவள். கூரைமேல் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து, கதவில் தொலைபேசி எண் என்று ஊருக்கே தெரிந்த கார் அது. ஊரில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றார்கள். மீதிப் பேர் அதைக் கண்டால் ஒதுங்கக் கற்றார்கள்.

அந்த இரண்டாவது பிரேக்கை மிதிப்பதில் டீச்சர் கெட்டிக்காரி. மற்ற பயிற்சியாளர்கள் பதறியடித்து மிதிப்பார்கள். வண்டி குலுங்கி நிற்கும், கற்றுக்கொள்கிறவர் முகம் செத்துப்போகும். டீச்சர் பேச்சைக்கூட நிறுத்தாமல் காலை மெல்ல வைப்பாள். வண்டி பதமாக வேகம் குறையும். "பாத்தீங்களா, எவ்வளவு அழகா ஸ்லோ பண்ணீங்க!" என்பாள். ஓட்டியவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். தானேதான் செய்தோம் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இந்த ரகசியம் டீச்சருக்கும் அவள் செருப்புக்கும் மட்டுமே தெரியும்.

இன்றைக்கு ஓட்டுகிறவள் அவள் மகள். லைசென்ஸில் இன்னும் மை காயவில்லை. வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். பேச ஆரம்பித்த நாளிலிருந்து "ஏன்? எதுக்கு? அப்புறம்?" என்று குறுக்கு விசாரணை செய்தே அப்பாவிடம் வாங்கிய பட்டம் அது. வக்கீல் என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை சட்டம் படிக்கும் என்று பார்த்தால், எகனாமிக்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சரி, படித்துத் தொலையட்டும் என்றால் அதிலும் சும்மா விடவில்லை. வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் தாளாளர் டீச்சரிடம் வண்டி பழகியவர். "உங்க பொண்ணுக்கு இல்லாத சீட்டா? எப்ப வேணா வரச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தார். மகள் போனாள். சீட்டு வாங்க இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து வாசலிலேயே தீர்ப்பு சொன்னாள்.

"நோட்ஸ் சொல்லி எழுத வைக்கறாங்கம்மா. விலை ஏன் ஏறுதுன்னு ஒருத்தி கேட்டா, அது அடுத்த செமஸ்டர்னு சொல்றாரு. கணக்கு வேணும்னா எடுத்துக்கலாமாம், வேணாம்னா விட்டுடலாமாம். கணக்கு இல்லாம எகனாமிக்ஸ் படிக்கறதும் ஸ்டியரிங்கைத் தொடாம டிரைவிங் படிக்கறதும் ஒண்ணுதான். லைப்ரரில இருக்கற புக்கெல்லாம் என்னைவிடப் பழசு, எனக்கு அக்கா."

அவள் கண் வைத்திருந்தது வேறொரு கல்லூரிமேல். விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரும் தூரம். அங்கே பொருளாதாரத் துறை என்றால் பேச்சே வேறு என்றாள். முதல் வருஷமே கணக்கும் புள்ளியியலும் கட்டாயம். இரண்டாம் வருஷம் மாணவர்களே தெருவில் இறங்கி ஆட்களைப் பார்த்துக் கேட்டுத் தகவல் சேர்க்க வேண்டும். கடைசி வருஷம் ஆளுக்கு ஒரு ஆய்வு எழுதி, பேராசிரியர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். வாதாட வேண்டும் என்றதும் அப்பா சிரித்துவிட்டார். "வக்கீலுக்கு ஏத்த எடம்தான்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை.

தேர்வு எழுதி, அதில் தேறி, நேர்காணலுக்கும் அழைப்பு வந்துவிட்டது. இன்றைக்கு இரண்டு மணிக்கு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அந்த இடம் போய்விடும் என்று அழைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த இடம் போனால் பிறகு இருக்கவே இருக்கிறது, நடந்து போகிற கல்லூரி.

டீச்சருக்கு அந்தத் தூரத்துக் கல்லூரிமேல் பகை ஒன்றும் கிடையாது. மகள் போய்விடுவாள், அவ்வளவுதான். டீச்சரிடம் கற்றவர்கள் எல்லாருமே போனவர்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டு வாங்கி, அழுது, சிரித்து, ஒருநாள் லைசென்ஸ் கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். அப்புறம் எங்காவது ரோட்டில் பார்த்தால் ஒரு ஹாரன் அடிப்பார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை, தொழிலே அதுதான். ஆனால் மகளும் அப்படி ஒரு ஹாரனாகிவிட்டால்? அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்க வாயைத் திறக்காவிட்டாலும் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. வீட்டில் கேட்கிற சத்தமெல்லாம் மகள் சத்தம்தான்.

இதை அவள் வாய்விட்டுச் சொன்னாளா? அதுதான் இல்லை. "தூரமாச்சே" என்றாள். "ஹாஸ்டல் சாப்பாடு ஒடம்புக்கு ஆகுமா?" என்றாள். "எங்க படிச்சாலும் படிப்பு படிப்புதானே" என்றாள். ஒவ்வொன்றுக்கும் வக்கீல் பதில் வைத்திருந்தாள். பதில் இல்லாத ஒன்றை மட்டும் டீச்சர் மென்று விழுங்கிவிட்டாள். கடைசியில் "சரி, நானே கூட்டிட்டுப் போறேன். நீ ஓட்டு, நெடுஞ்சாலை பழகின மாதிரியும் இருக்கும்" என்று கிளம்பியும் விட்டாள். கிளம்பும்போது அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை.

ஊரைத் தாண்டியதும் வந்த முதல் வளைவில் மகள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். டீச்சரின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது. வண்டி வேகம் குறைந்து வளைவைக் கடந்தது. அதோடு காலை எடுத்திருக்க வேண்டும். சாலை நேராகிவிட்டது, முன்னால் ஈ காக்கை இல்லை. டீச்சர் கண்ணாடிக்குக் கீழே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். காலை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் அவளுக்குப் பரிந்து பேச ஒன்றுமே இல்லை. தெரிந்துதான் செய்தாள். ஒரேயடியாக அழுத்தினால் மாட்டிக்கொள்வாள் என்பதும் தெரியும். அதனால் வைப்பதும் எடுப்பதுமாக, ஏற்றத்தில் கொஞ்சம் கூட, இறக்கத்தில் கொஞ்சம் குறைய, தன் வித்தை முழுவதையும் இறக்கினாள்.

"என்னம்மா இது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்றாள் மகள். ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தாள். என்ஜின் முனகியது.

"பழைய வண்டி. உன் அவசரம் அதுக்குத் தெரியுமா?"

"நேத்து நல்லாத்தானே போச்சு?" மகள் கைப்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். அது சரியாக இறங்கித்தான் இருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. ஒரு பால் வண்டிகூட முந்திப் போனது. மகள் உதட்டைக் கடித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் பேச்சைப் போட்டாள். பிரேக்கை மறைக்கப் பேச்சுதான் வழி என்பது அவள் தொழிலில் கண்ட உண்மை. "ஆமா, அங்க என்ன கேப்பாங்க?"

"என்ன வேணா கேப்பாங்க. போன வருஷம் ஒரு பொண்ணுகிட்ட, பஸ்ல ஏன் கூட்டமா இருக்கு, பஸ்காரன் ஏன் இன்னொரு பஸ் விடலைன்னு கேட்டாங்களாம். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசிச்சாம். புக்ல இருக்கறதைச் சொன்னா மதிக்க மாட்டாங்க. நாமளா யோசிக்கறோமான்னுதான் பாப்பாங்க." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்து வாடியது. "அம்மா, இந்த வேகத்துல போனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது போலிருக்கே."

"சேந்துடலாம்" என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

பெரிய பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டும்போது அப்பா கூப்பிட்டார். டீச்சர் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"போய்ச் சேந்தாச்சா?"

"எங்கப்பா சேர்றது? வண்டி மக்கர் பண்ணுது. ஏதோ பிரச்சனை."

"பக்கத்துல ஆளு இருக்கே, அம்மாவைப் பாக்கச் சொல்லு. அந்த வண்டி அம்மா சொன்னா கேக்கும்."

டீச்சர் தன் காலைப் பார்த்தாள். அந்த நேரத்தில் காலை எடுத்திருக்கலாம். எடுத்துவிட்டு, "இப்பப் பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் மகள் போனில், "ஹாஸ்டல் ரூம் ஜன்னல்லேருந்து ஏரி தெரியுமாம்ப்பா" என்றாள். கால் மறுபடி கீழே போனது.

பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வந்தது.

"ஏதோ கருகுது" என்றாள் மகள்.

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

"முன்னாடி லாரியே இல்லையேம்மா. பின்னாடிதான் ஒண்ணு வருது."

அந்தப் பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. விளக்கை அடித்தது. முந்துவதற்கு இடம் விட்டாலும் முந்தாமல் திட்டிக்கொண்டே தொடர்ந்தது. பெட்ரோல் பங்க் ஒன்று வந்ததும் மகள் சட்டென்று உள்ளே திருப்பி ஓரமாக நிறுத்தினாள். லாரியும் பின்னாலேயே வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. முகத்தில் இருந்த கோபத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏம்மா, நிக்கப் போறியா போகப் போறியா? பாலத்துக்கு முன்னாடிலேருந்து உன் பின்னாடி வரேன். முன்னாடி ஒரு வண்டி கிடையாது, ஒரு ஆள் கிடையாது. உன் பிரேக் லைட் பாட்டுக்கு எரியுது, அணையுது, எரியுது. நான் முந்தறதா, நிக்கறதா? பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டு ஓட்டலாம்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"நான் பிரேக்கைத் தொடவே இல்லைங்க. சத்தியமா."

"நீ தொடாம லைட் எப்படி எரியும்? பேயா மிதிக்குது?"

சொல்லிக்கொண்டே அவர் கூரைப் பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். டீச்சரின் காலடியில் இருந்த பிரேக்கையும் அதன்மேல் இன்னமும் இருந்த செருப்பையும் பார்த்தார். கோபம் பாதியில் நின்றது. "அட, பயிற்சி வண்டியா" என்றார். "அப்ப உங்க டீச்சரைத்தான் கேக்கணும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை அருகே கொண்டுபோனாள். சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டாள். கருகல் வாசனை அங்கிருந்துதான் வந்தது. டீச்சர் காரைவிட்டு இறங்கி நின்றாள். என்ன சொல்லலாம் என்று தேடினாள்.

"பாலத்துலேருந்தா?" என்றாள் மகள், சக்கரத்தைப் பார்த்தபடியே.

டீச்சர் இல்லை என்று தலையை அசைத்தாள்.

"அதுக்கும் முன்னாடியா?"

"மொத வளைவுலேருந்து" என்றாள் டீச்சர்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏன், எதுக்கு என்று கேள்வியால் துளைப்பாள், அதற்காவது பதில் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். வக்கீல் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பங்க் குழாயில் தண்ணீர் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். சக்கரம் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தாள். அந்தக் கொஞ்ச நேரம் டீச்சருக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.

"அம்மா, நீ பின்னாடி உக்காரு."

டீச்சர் தன் காரில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. அது முறைக்குக் காத்திருக்கும் அடுத்த மாணவரின் இடம். இருக்கை உறை கிழிந்திருப்பதே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. காலடியில் ரப்பர் விரிப்பைத் தவிர எதுவும் இல்லை.

வண்டி பறந்தது. டீச்சர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா" என்று சொல்ல வாய் எடுத்தாள், அதற்கு இன்றைக்குத் தனக்கு அருகதை இல்லை என்று மூடிக்கொண்டாள். முன்னால் போன வண்டிகளை மகள் ஒவ்வொன்றாக முந்தினாள். பால் வண்டியையும் முந்தினாள்.

ஒரு குறுக்குச் சாலையிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாகவே வந்து சாலையில் ஏறியது. பார்க்காமல் கொள்ளாமல், பெரிய வயிற்றோடு அப்படியே குறுக்கே வந்துவிட்டது. டீச்சரின் கால் ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தது. விரிப்பு என்ன செய்யும்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கார் லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, குலுக்கல்கூட இல்லாமல் நின்றிருந்தது. மகள் பின்கண்ணாடியைப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், லாரி போகட்டும் என்று காத்திருந்து வண்டியை எடுத்தாள். எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

டீச்சர் விரிப்பிலிருந்து காலை எடுத்தாள். இவளுக்கு என் கால் எப்போதிலிருந்து தேவையில்லாமல் போயிற்று என்று யோசித்தாள். ரொம்ப நாளாகவே தேவைப்படவில்லை என்பது தெரிந்தபோது பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

கல்லூரி வாசலை அடைந்தபோது இரண்டு தாண்டிவிட்டது. மகள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். டீச்சர் பின்னாலேயே ஓடினாள். பழைய கட்டடம், அகலமான படிக்கட்டு, மாடியில் நீளத் தாழ்வாரம். மூடியிருந்த ஒரு கதவுக்கு வெளியே மேசை போட்டு அலுவலக உதவியாளர் உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். அந்தப் பெண்ணின் மடியில் ஃபைல். அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததுமே காத்திருப்பவள் இவள்தான் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

மகள் மூச்சு வாங்கப் பெயரைச் சொன்னாள்.

"கூப்பிட்டாச்சும்மா. ரெண்டு தடவ கூப்பிட்டேன்" என்றார் உதவியாளர். "இப்ப உள்ள இருக்கறவங்க வந்ததும் இவங்கதான்." பெஞ்சைக் காட்டினார்.

"சார், வழியில வண்டி மக்கர் பண்ணிடுச்சு சார். ப்ளீஸ்."

"எல்லாரும் சொல்றதுதான்மா அது. போன வருஷம் வந்தவனுக்கும் வண்டிதான் மக்கர்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. அது டீச்சரைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வண்டி மக்கர் பண்ணலை சார். நான்தான் பண்ணேன்."

"என்னது?"

"என் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. இவ ஓட்டிட்டு வரும்போது நான் பக்கத்துல உக்காந்து பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வந்தேன். இவ இங்க வந்து சேரக்கூடாதுன்னு. இவமேல ஒரு தப்பும் இல்ல. தண்டனை குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க."

தாழ்வாரமே கேட்கும் குரல் அது. பயிற்சிப் பள்ளிக்காரி குரல் அல்லவா, தணித்துப் பேச வராது. பெஞ்சிலிருந்த அப்பா வாயைப் பிளந்தார். உள்ளே இருந்த மாணவன் வெளியே வருவதற்காகக் கதவு திறந்திருந்ததை டீச்சர் அப்போதுதான் கவனித்தாள். அவனுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தாள். துறைத் தலைவி.

"இந்தக் காரணத்தை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை" என்றாள் அவள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ஏன் அதைச் சொல்லாம வண்டிமேல பழியைப் போட்டே?"

"அது எங்க வீட்டு விஷயம் மேடம்."

துறைத் தலைவி கொஞ்சம் யோசித்தாள். பெஞ்சைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் பாக்கறேன். ஒரு இடம்தான் இருக்கு. நீ மொதல்ல வா" என்றாள்.

கதவு மூடியது.

டீச்சருக்கு உட்கார முடியவில்லை. பெஞ்சிலிருந்த அப்பாவின் பார்வையைத் தாங்கவும் முடியவில்லை. தாழ்வாரத்தில் அப்படியும் இப்படியும் நடந்தாள். சுவரில் மாணவர்கள் எழுதிய ஆய்வுகளைப் பெரிய தாளில் ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் ஒரு தெருவின் படம். "ஒரே தொழில் செய்யும் கடைகள் ஏன் ஒரே தெருவில் கூடுகின்றன?" என்று தலைப்பு. அவளுடைய பள்ளி இருக்கிற தெருவிலும் மூன்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் ஒட்டி ஒட்டித்தான் இருந்தன. மற்ற இரண்டு பேரையும் இத்தனை காலமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். ஒரே மாதிரிக் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் ஆட்கள் அந்தத் தெருவைத் தேடி வருகிறார்கள் என்று யாரோ ஒரு மாணவி, கடை கடையாக ஏறி விசாரித்து, விளக்கி எழுதியிருந்தாள். டீச்சர் அதை முழுக்கப் படித்தாள். நம்ப மனசில்லாமல் திரும்பவும் படித்தாள். என் மகளும் இப்படித் தெருத்தெருவாகப் போய்க் கேட்பாள் என்று நினைத்தாள். கேட்கப் பிறந்தவள்தானே அவள்.

மகள் வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்த பெண் உள்ளே போனாள். அவளும் வெளியே வந்த பிறகு, கதவுக்குப் பின்னால் பேச்சு முணுமுணுவென்று நடந்தது. தாழ்வாரத்தில் நின்ற நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். கடைசியில் உதவியாளர் மகளைத்தான் கூப்பிட்டார். அவள் உள்ளே போய் உடனே திரும்பினாள். அம்மாவைத் தாழ்வாரத்தின் கோடிக்கு, ஜன்னல் பக்கம் கூட்டிப்போனாள்.

"எனக்குக் குடுத்துட்டாங்க. ஆனா இப்பவே சொல்லணுமாம், சேரறேனா இல்லையான்னு. நான் வேணாம்னா அந்தப் பொண்ணுக்குப் போயிடும்."

"சொல்லிட்டியா?"

"இல்ல. அம்மாகிட்ட பேசிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்."

"என்கிட்ட என்னத்தைப் பேச?"

மகளின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "வழியெல்லாம் காலால சொன்னியே, அதை வாயால சொல்லு. சொன்னாத்தான் நான் உள்ள போவேன்."

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா படி" என்று சொல்லிவிட்டால் போதும். நல்ல அம்மா என்று பெயரும் கிடைக்கும். உள்ளே இருப்பவர்கள்கூட மெச்சுவார்கள். ஆனால் மகள் அதைக் கேட்கவில்லை. பொய் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள், இன்றைக்கு இன்னொரு பொய்யை இவள் தாங்கமாட்டாள்.

"போகாதேடி" என்றாள் டீச்சர். சொன்னதும் உடைந்துபோனாள். "நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. ஏரியும் வேணாம், எகனாமிக்ஸும் வேணாம். போகாதே."

மகள் அம்மாவின் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். "இதை வீட்டுலேயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ எனக்காக நின்னுடுவியோன்னு பயம்."

"காலால பண்ணா மட்டும்? அப்பவும் நான் நின்னுதானே போயிருப்பேன்?"

"அப்ப நீயாவே நின்னுட்டதா நெனச்சிருப்ப. என்னைக் குத்தம் சொல்லமாட்ட."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழகா ஸ்லோ பண்ணீங்க என்று தன்னிடமும் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, கேட்கவில்லை. அம்மாவின் கையை ஜன்னல் கம்பியிலிருந்து பிரித்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள்.

"சொல்லிட்டே இல்ல. எனக்குக் கேட்டுடுச்சு" என்றாள். "நான் சேரப்போறேன்ம்மா."

திரும்பி நடந்தாள். கதவைத் தட்டி உள்ளே போனாள். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். பெஞ்சிலிருந்த பெண் ஃபைலை மூடினாள். அவள் அப்பா அவள் தோளைத் தட்டிக்கொடுத்து எழுப்பினார். போகும்போது டீச்சரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் எல்லாம் முடிந்து காருக்கு வந்தார்கள். மகள் சக்கரங்களைச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். டீச்சர் தானாகவே பின்கதவைத் திறந்தாள்.

மகள் உள்ளிருந்தபடி எட்டி முன்கதவைத் திறந்துவிட்டாள். "முன்னாடி வா."

டீச்சர் தயங்கினாள். பிறகு வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி, இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

மகள் அதைப் பார்த்தாள். "காலைக் கீழ விடும்மா. ரொம்ப தூரம் போகணும், மரத்துப்போயிடும்."

"மரத்துப்போகட்டும்" என்றாள் டீச்சர். "நீ வண்டியை எடு."